பாடியவர் உயிரோடு இல்லை

தான் செத்துப்போன செய்தி தையல்காரம்மாவுக்குத் தெரியவந்தபோது, அவள் யாருடைய பேண்ட்டுக்கோ அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மகள் கடைக்குள் வேகமாக வந்து கைபேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். பழைய இசைத்தட்டுகளை ஏலம் விடும் இணையப் பக்கம். அதில் ஒரு தட்டின் உறை. உறையில் ஒற்றைப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி ஓர் இளம்பெண். கீழே விற்பவர் எழுதியிருந்தார்: மிக அரிய தட்டு. முந்நூறு பிரதிகளே வெளிவந்தன. மற்றவை என்ன ஆயின என்று தெரியவில்லை. பாடியவர் உயிரோடு இல்லை.

"அம்மா, இது நீதானே?"

"நான்தான். போய்ச் சேர்ந்துட்டேன் போலிருக்கு, பாரேன்."

சொன்ன குரல் ரம்பம் மரத்தில் இழுபடுவது மாதிரி இருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தொண்டையில் கட்டி வந்து அறுவை செய்ததில் மிஞ்சியது இதுதான். மகளுக்கு அம்மாவின் குரல் என்றால் இந்தக் கரகரப்புதான். அம்மா ஒருகாலத்தில் பாடினாளாம் என்பது அவளுக்கு வெறும் கேள்விப்பட்ட சங்கதி.

மற்றவை என்ன ஆயின என்று தெரியவில்லையாம். தையல்காரம்மாவைக் கேட்டிருந்தால் நன்றாகவே சொல்லியிருப்பாள். பதிவு செய்த கம்பெனிக்காரன் கூலி கொடுக்க வக்கில்லாமல், விற்காத தட்டுகளைப் பெட்டி பெட்டியாக அவள் தலையில் கட்டினான். கல்யாணமானபோது அவளோடு அந்தப் பெட்டிகளும் வந்தன. புருஷன் வீடுகளுக்குச் சாயம் அடிக்கும் பெயிண்டர். வழவழப்பான தட்டு, நடுவில் ஆணியில் மாட்ட வசதியாக ஓட்டை. வண்ணம் குழைத்துப் பார்க்க இதைவிட நல்ல சாமான் கடையில் கிடைக்குமா? வேலைக்குப் போகும்போது இரண்டு மூன்றை எடுத்துப்போவார். சாயம் காய்ந்து தடித்ததும் அங்கேயே வீசிவிட்டு வருவார்.

"அது என் பாட்டுங்க. நல்லா இருக்கும். ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்," என்று அவள் சொல்லாமல் இல்லை.

"விக்காத சரக்குதானே? சும்மா தூசி அடையறதுக்கு இதுக்காவது ஆகட்டும்," என்றார் பெயிண்டர். ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்கவில்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், தங்கமான மனுஷன் என்று அக்கம்பக்கம் சொல்லும். அக்கம்பக்கம் ஆண்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதில் என்றைக்குமே தாராளம்தான்.

"வாங்கிடலாம்மா," என்றாள் மகள். "எனக்கு நீ பாடினதைக் கேக்கணும்."

இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். வைக்காவிட்டால் துணியைத் தப்பாக வெட்டியிருப்பாள்.

மகள் தன் கணக்கிலேயே ஏலம் கேட்கலாம் என்று சொல்லி, அதன் சூட்சுமத்தை விளக்கினாள். "உன்னால அதிகபட்சம் எவ்வளவு முடியுமோ அதை ஒரு தடவை போட்டுட்டா போதும். அவ்வளவையும் உடனே எடுத்துக்காது. அடுத்தவங்க ஏத்தினா, அவங்களைவிட ஒரு படி மட்டும் உனக்காக அதுவே ஏத்தும். உன் உச்சத்தைத் தாண்டினாத்தான் நீ தோத்தே."

"என் உச்சம் என்னன்னு மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. முட்டி முட்டிப் பாத்தாத்தான் உண்டு."

அந்த ஏற்பாடு தையல்காரம்மாவுக்குப் பிடித்துப்போனது. தன் மனசில் இருப்பதை வெளியே விடாமல், தனக்காக ஒருவன் பேரம் பேசுகிறான் என்றால் சும்மாவா? துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் மொத்தத்தையும் உச்சமாகப் போடச் சொன்னாள். போட்டிக்கு ஓரிரண்டு பேர்தான். விலை ஒரு நல்ல செருப்பின் விலையைத் தாண்டவில்லை. மகள் தான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி டாக்டரிடமிருந்து தட்டு ஓட்டும் பெட்டியைக்கூட இரவல் வாங்கி வந்து அம்மா வீட்டில் வைத்துவிட்டாள். அதோடு, அப்பாவுக்கும் கொஞ்சம் உறைக்கட்டும் என்று அந்தப் பக்கத்தை அவருக்கும் அனுப்பினாள். பெயிண்டர் பார்த்துவிட்டு "ம்" என்றார். அந்தத் தளம் அவருக்குப் புதிதில்லை. பழைய ஏணி, சாயம் பீய்ச்சும் மிஷின் எல்லாம் அங்கேதான் ஏலத்தில் எடுப்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கடைசி வரி தையல்காரம்மாவின் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

"நான் உயிரோட இருக்கேன்னு அந்த ஆளுக்கு எழுது."

"வேண்டாம்மா. சும்மா இருந்தா மலிவா முடிஞ்சிடும்."

"நான் செத்தவளா இருந்து மலிவா வாங்கணுமா? எழுதுடி."

மகள் எழுதினாள், எல்லோரும் பார்க்கும்படியாக, தட்டின் படத்துக்குக் கீழேயே: பாடியவர் உயிரோடு, நலமாக இருக்கிறார், திருத்தவும். விற்பவர் மரியாதையாகத்தான் பதில் போட்டார். மிக்க மகிழ்ச்சி, இதை வாங்குபவர் அவருடைய கையெழுத்தையும் வாங்கிவிட்டால் தட்டின் மதிப்பு இரண்டு மடங்காகும் என்று. அவளைச் சாகடித்த வரியை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தை எட்டிப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறியது, கூடவே விலையும்.

ஏலம் முடியும் மத்தியானம் மகள் கடைக்கே வந்துவிட்டாள். முடியப்போகிற நேரத்தில் மற்றவர்கள் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, ஒரே ஒரு ஆள் மட்டும் விடவில்லை. தளம் பெயரைக் காட்டாது. ஓர் எழுத்து, அப்புறம் நட்சத்திரங்கள். நட்சத்திரக்காரன் ஒரு படி ஏற்றுவான், தையல்காரம்மாவின் பணம் தானாக ஒரு படி மேலே போகும். மறுபடி ஏற்றுவான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அடுத்தவர் மடியைத் தடவிப் பார்க்கிற வேலை. மடி காலியானது. அதற்கு மேலே ஒரே ஒரு படியில் அவன் போய் நின்றுகொண்டான்.

"அம்மா, நான் கொஞ்சம் போடறேன், சீக்கிரம் சொல்லு."

"வீட்டுக் கடனுக்கே நீ முழி பிதுங்கிக்கிட்டு இருக்கே. வேண்டாம்." நேரம் முடிந்தது. தையல்காரம்மா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், கண்ணுக்குள் தண்ணீர் நின்றதால் ஊசிக் காது தெரியவில்லை. "போகட்டும்டி. இவ்வளவு கொடுத்து வாங்கறவன் ஆசையா கேப்பான். எங்கேயோ ஒரு வீட்டுல நான் பாடிக்கிட்டு இருப்பேன்." அதைச் சொன்னதும் அவளுக்கு நிஜமாகவே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பாவம்.

இரவல் பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக மகள் வந்திருந்த அன்றைக்குத்தான் பார்சல் வந்தது. பெயிண்டர் கையெழுத்துப் போட்டு வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்து, பொறுமையாகப் பிரித்தார். ஒற்றைப் பின்னல் பெண் வெளியே வந்தாள்.

தையல்காரம்மா மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்காகவா? இந்த மனுஷனா? குழைத்து எறிந்த அத்தனைக்கும் சேர்த்து ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறாரா? ஒரு முழு நிமிஷம் அவள் அவரை மன்னித்திருந்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பின்னால் அவள் தன்மேலேயே அதிகமாக ஆத்திரப்பட்டாள்.

"எவனோ ஒரு கிறுக்கன் கடைசி வரைக்கும் விடலை," என்றார் பெயிண்டர். "அவன் மட்டும் இல்லைன்னா பாதி விலைக்கு முடிஞ்சிருக்கும். சரி, அதுக்கு மேலேயே எடுத்துடலாம்." சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். "இந்தா, படத்து மேலே ஒரு கையெழுத்துப் போடு. ரெட்டை விலை போகுமாம். எழுத்து பெரிசா தெரியட்டும்."

மகள் வாயைத் திறந்தாள். தையல்காரம்மா மேசைக்கு அடியில் அவள் காலை அழுத்தினாள்.

"செத்தவ எப்படிங்க கையெழுத்துப் போடுவா?"

"அதெல்லாம் நான் சரிபண்ணிக்கறேன். பக்கத்துல உன்னை நிக்கவச்சு ஒரு போட்டோ எடுத்தாப் போச்சு."

"அப்பா, பெட்டி இங்கேயே இருக்கு. முதல்ல ஒரு தடவை போடுங்க," என்றாள் மகள்.

"ஐயோ, முள்ளு பட்டா தரம் குறைஞ்சிடும்." பெயிண்டர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். அந்தத் தட்டுக்கு அப்படியொரு அணைப்பு அந்த வீட்டில் கிடைத்தது அதுதான் முதல் தடவை. பிறகு பெண்டாட்டியையும் பேனாவையும் பார்த்தார். "சரி. கையெழுத்தைப் போடு. ஒரு தடவை ஓட்டிக்கலாம். ஒரு பக்கம் மட்டும்."

தையல்காரம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். பேனாவை வாங்கி, அந்த இளம்பெண்ணின் கழுத்துக்குக் குறுக்கே தன் பெயரை எழுதினாள்.

மகள் முள்ளை இறக்கினாள். கொஞ்சம் இரைச்சல், அப்புறம் குரல். சொந்த வீட்டுக்குள் நுழைகிறவளைப் போல அது சாவகாசமாக வந்து, மேலே போக வேண்டிய இடத்தில் தயங்காமல் மேலே போனது. மகள் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தையல்காரம்மா அழவில்லை. பாட்டு எங்கே மூச்சு வாங்கியதோ அங்கே அவளும் மூச்சு வாங்கினாள். பெயிண்டர் கையெழுத்தை நாலு பக்கமிருந்தும் படம் பிடித்துக்கொண்டிருந்தவர், பாதியில் நிமிர்ந்தார். கைபேசியைக் கீழே வைத்தார். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார்.

பாட்டு முடிந்தது. முள் மட்டும் சுற்றிச் சுற்றி இரைந்துகொண்டிருந்தது.

"நல்லாத்தான் பாடியிருக்கே," என்றார் அவர். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு பெட்டியாவது விக்கறதுக்கு எடுத்து வச்சிருப்பேனே."

"சொன்னேன்," என்றாள் தையல்காரம்மா.

அந்தக் கரகரப்பு முள்ளின் இரைச்சலைத் தாண்டி வரவில்லை.

"என்ன?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், பெயிண்டர் தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து உறைக்குள் போட்டார்.