தலையைப் பிடித்த கை

பன்னிரண்டு வருடமாக முடி வெட்டுகிறேன். வீறிட்டு அழும் பிள்ளையோ, போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டும் அக்காவோ, யாராக இருந்தாலும் பின்மண்டையில் என் நாலு விரலை வைத்தால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார்கள். அந்தத் திமிரோடுதான் பிள்ளை பெற்றேன். பால் கொடுப்பது என்ன பெரிய கம்பசூத்திரமா என்று நினைத்திருந்தேன்.

என் மகள் ஐந்தே நாளில் என் திமிரை இறக்கிவிட்டாள். காம்பின் நுனியை மட்டும் கவ்வுவாள், எனக்கு உயிர் போகும். நான் தலையை அணைத்து அழுத்துவேன். அவள் வில்லாக வளைந்து, முகம் சிவக்கக் கத்துவாள். இரண்டு பக்கமும் வெடித்துப் புண்ணாகிவிட்டது. பாலோ கட்டிக்கொண்டு சட்டையை நனைத்தது. வகைவகையாகச் சமைத்து வைத்துவிட்டு விருந்தாளியைப் பட்டினி போடுவது போல இருந்தது.

ஐந்தாம் நாள் நர்ஸ் எடை பார்த்தார்.

"பிறந்தப்போ மூணு கிலோ நூறு. இப்ப ரெண்டு எண்ணூறு. பாலைப் பீச்சி கரண்டியில கொடுங்க. நேரா குடிக்கவும் பழக்குங்க. நாளை மறுநாள் வாங்க. ஏறலைன்னா பவுடர் பாலும் சேர்த்துத்தான் ஆகணும்."

"ஏத்திக் காட்டறேன் சிஸ்டர்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

பவுடர் பால் விஷமில்லை, எனக்கும் தெரியும். என் அக்கா பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள். இன்று கதவை நிறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் என் பாலையே கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசைக்குக் காரணம் வேறு சொல்ல வேண்டுமா?

வீட்டுக்கு வந்ததும் மறுபடி சண்டை. அச்சகத்திலிருந்து சாப்பிட வந்த என் கணவர், எதிரே தட்டோடு உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"சொல்லுங்க. அப்புறம் யோசிக்கிறேன்."

"எனக்கு முடி வெட்டும்போது பிடிக்கிற மாதிரியே பிடிக்கிற. அப்படி அமுக்கினா எனக்கே பின்னாடி தள்ளணும்னுதான் தோணும். உனக்குப் பயந்து சும்மா இருக்கேன். அவளுக்கு என்ன பயம்?"

சுருக்கென்றது. வாய் வரை வந்த திட்டை விழுங்கிவிட்டுக் கையைப் பார்த்தேன். நாலு விரலும் குழந்தையின் பின்மண்டையில்தான் இருந்தன. ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்படிப் பிடிப்பது என்று காட்டத்தான் செய்தார். நான் எங்கே அவர் கையைப் பார்த்தேன்? யாரோ கோணலாக வெட்டிவிட்டிருந்த அவர் முன்முடியை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்!

விரல்களைக் கீழே இறக்கினேன். கழுத்தையும் தோளையும் தாங்கி, அவள் வயிறு என் வயிற்றோடு ஒட்ட, அவள் மூக்கு காம்புக்கு நேராக வரும்படி வைத்துக்கொண்டேன். தலை அதன் பாட்டுக்கு இருந்தது. காம்பு அவள் மேலுதட்டில் லேசாக உரசியது. பிறகு காத்திருந்தேன். எனக்கு வராத கலை அது.

தலையைப் பின்னால் சாய்த்து, கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்தாள். தோளோடு சேர்த்துச் சட்டென்று அணைத்தேன். வலித்தது. கடைவாயில் சுண்டுவிரலை விட்டு விடுவித்துவிட்டு மறுபடி வைத்தேன். அதுவும் வலித்தது. மூன்றாவது தடவை முதலில் அவள் மோவாய் வந்து பதிந்தது, பிறகு வாய் நிறையக் கவ்வினாள். கிள்ளுகிற வலி இல்லை, ஆழமாக ஓர் இழுப்பு மட்டும். காதோரம் தாடை அசைந்தது. க்ளுக்.

கணவர் மெல்லுவதை நிறுத்தினார். "என்ன சத்தம் அது?"

"முழுங்கறா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பத்துத் தடவையில் நாலு தடவை சொதப்பினோம். எடுத்தோம், மறுபடி வைத்தோம். ஆனால் பீச்சிய பாலும் கரண்டியும் இரண்டாம் நாள் தேவைப்படவில்லை.

சொன்ன நாளில் எடை மேடையில் வைத்ததும் ஊரைக் கூட்டினாள். எண் நிலைக்கும் வரை நான் மூச்சே விடவில்லை.

"எழுபது கிராம் கூடியிருக்கு" என்றார் நர்ஸ்.

"எழுபதுதானா?" என்றார் கணவர், ஏமாற்றமாக.

கத்திக்கொண்டிருந்தவளை வாரி எடுத்து, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மார்போடு அணைத்துக்கொண்டேன். முதல் தடவையிலேயே கவ்விவிட்டாள். எழுபது கிராம். அதில் ஒரு கிராம்கூட வேறு எங்கிருந்தும் வரவில்லை.