தம்பிக்குக் கொடுத்த செல்கள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் ‘செல் டீச்சர்’ என்று பெயர். ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் எடுத்தாள். ஆண்டின் முதல் பாடமே செல்தான். பல்குச்சியால் தன் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் வைப்பாள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பார்ப்பார்கள். நமக்கும் சுவரில் ஓடும் பல்லிக்கும் சாமான் ஒன்றுதான், மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், டி.என்.ஏ., சேர்மானம்தான் வேறு என்று சொல்லிப் பல்லியைக் காட்டுவாள். பல்லி இல்லாத நாளில் தலைமையாசிரியரின் அறைப் பக்கம் கை காட்டுவாள். வகுப்பு கொல்லென்று சிரிக்கும்.

அந்தப் பாடம் நடந்த வாரத்தில்தான், ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“அண்ணி, நான் உங்க தம்பி பொண்டாட்டி பேசறேன்.”

தம்பிக்குக் கல்யாணம் ஆனதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. காலேஜ் படிப்பை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றவனை அப்பா கை நீட்டி அடித்த அன்று, ஒரு பையோடு வெளியே போனவன் அவன். பிறகு அவனுடைய எண் மாறிக்கொண்டே இருந்தது. அப்பா போனார். அம்மாவும் போனாள். இரண்டு தடவையும் அவனுக்குச் சொல்லியனுப்ப வழி தெரியவில்லை.

இப்போது அவனுடைய எலும்பு மஜ்ஜை கெட்டுப்போயிருந்தது. நல்ல ரத்தத்தை ஊறவைக்க வேண்டிய இடத்தில் உதவாத செல்கள் பெருகிக் கிடந்தன. வேறொருவரின் செல்களை ஏற்றினால்தான் பிழைப்பான். கூடப் பிறந்தவர்கள் என்றால் பொருந்த வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொன்னாராம். டீச்சர் டப்பாவை மூடிவிட்டு அன்று மாலையே ரயில் ஏறினாள்.

பரிசோதனை முடிவு வந்தபோது மருத்துவர், செல்லின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள் இருவருக்கும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதாகச் சொன்னார். உடன்பிறந்தவர்களுக்குள்ளும் நாலில் ஒருவருக்குத்தான் இப்படி அமையும் என்பது அவளே வகுப்பில் சொல்வதுதான். ஆனாலும் நடைவழி நாற்காலியில் உட்கார்ந்து, அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஜ்ஜையின் செல்கள் ரத்தத்தில் இறங்குவதற்காக அவளுக்குத் தொடர்ந்து ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் குடைந்தது. பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய், வேண்டிய செல்களை அங்கேயே விட்டுவிட்டு, மறு கை வழியாகத் திரும்பி வந்தது. கடைசியில் சிறிய பை ஒன்று நிறைந்தது. இவ்வளவுதானா என்று நர்ஸைக் கேட்டாள். இதுவே தாராளம், வழி தெரிந்து மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்றாள் அவள்.

தம்பி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தான். தலையில் முடி இல்லை. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. கேட்க வேண்டியதையெல்லாம் ரயிலில் வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள். கண்ணாடி வழியாக எதைக் கேட்பது? அவன் கையை உயர்த்தினான். அவளும் உயர்த்தினாள். அவனுக்கு ஏறிக்கொண்டிருந்த பை காலியாகும்வரை நின்றாள்.

ஊர் திரும்பியபின், செல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன, எண்ணிக்கை ஏறுகிறது என்று தம்பி மனைவி செய்தி அனுப்பினாள். வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அனுப்பினாள். வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்றும் அனுப்பினாள். அவன் மட்டும் பேசவில்லை. டீச்சர் குளிக்கும்போதுகூடப் போனைக் கதவோரம் வைத்தாள். வகுப்பில் ரத்தச் சிவப்பணுக்களைப் படம் போட்டுக் காட்டும்போது, இந்நேரம் அவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைப்பு ஓடும். பாதிப் படத்தில் சாக்கட்டி நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டான். நலம்கூட விசாரிக்கவில்லை.

“அக்கா, உனக்கு என்னென்ன சாப்பிட்டா ஒத்துக்காது?”

“எறா ஒத்துக்காது. ஏன்?”

அந்தப் பக்கம் பெரிதாக மூச்சு விட்டான். “அதானா. நேத்து சாப்பிட்டேன், உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. டாக்டரு, செல்லோட சேர்ந்து வந்திருக்கும், அக்காவைக் கேளுங்கன்றாரு. எனக்கு உசுரு அது. அதுலயா கை வைப்பே?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் கேள் என்றான். இப்போது தன் ரத்தத்தை மட்டும் எடுத்துச் சோதித்தால் பெண் என்றுதான் காட்டுமாம். இதை ரிப்பேர் கடையில் தெரியாமல் சொல்லித் தொலைத்தானாம், பையன்கள் எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிடுகிறார்களாம். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவன் குரல் தாழ்ந்தது.

“அம்மா என்னைக் கேட்டாங்களாக்கா?”

“கேட்டுக்கிட்டேதான்டா இருந்தாங்க.”

“என்னன்னு?”

“சாப்பிட்டிருப்பானான்னு.”

வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், இணைப்பில்தான் இருந்தான். கடைசியில், “லீவு விட்டா வந்துட்டுப் போக்கா” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுத்த கையோடு புறப்பட்டாள். மூன்றாம் மாடியில் சின்ன வீடு. தம்பி மனைவி கதவைத் திறந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவர் கடையை மூடிக் கிளம்பிவிட்டார், இப்போது வந்துவிடுவார் என்றாள். கொடுத்த காப்பியை எடுத்துக்கொண்டு டீச்சர் பால்கனிக்குப் போனாள். முடி முளைத்திருக்கும், உடம்பு தேறியிருக்கும். கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள்.

தெருமுனையில் ஒருவன் திரும்பினான். இடது தோளைச் சற்றே சாய்த்து, கையை வீசாமல் நடந்து வந்தான். அப்பாவின் நடை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். அவன் பார்க்கவில்லை. யாரோ ஸ்கூட்டரை நிறுத்தி அவனிடம் ஏதோ கேட்க, அவன் நின்று, குனிந்து, பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கையை இறக்காமல் நின்றாள்.