கார்னெல் பிடித்த பந்து

கார்னெல் பெட்வே என் கடைப் படியேறுவான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பந்தைக் கையால் எறிந்து பிடிக்கும் அமெரிக்கக் கால்பந்தில் நாங்கள் எதிரெதிர் அணிகள். அவன் வேலை ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பது. என் வேலை அவனைப் பிடிக்கவிடாமல் மறிப்பது. அந்த அரையிறுதியில் என்னை ஏய்த்துவிட்டு ஒரு பந்தைப் பிடித்தான் பாருங்கள், அதோடு எங்கேயோ போய்விட்டான். விளம்பரம் என்ன, மூட்டு போகும்வரை பெரிய அணியில் இடம் என்ன! என்னை அடுத்த பருவமே கழற்றிவிட்டார்கள். இப்போது பர்மிங்ஹாமில் பன்றி விலாவைப் புகையில் வாட்டி விற்கிறேன்.

"என்னடா, வேற எவன் கடையிலயும் கறி கிடைக்கலையா?" என்றேன்.

"உன் கறி மட்டும் வேகவே வேகாதாம். அதான் பாக்க வந்தேன், அலோன்சோ."

"கால் நின்னுபோச்சு, வாய் இன்னும் ஓடுது!"

சிரித்தான். ஆனால் தட்டைத் தொடவில்லை. எதற்கு வந்திருக்கிறான் என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்தது. "சொல்லித் தொலைடா" என்றேன்.

"நாளைக்கு நான் படிச்ச பள்ளிக்கூடத்துல என் சட்டையக் கண்ணாடிப் பெட்டியில மாட்டுறாங்க. அந்தப் பந்தைப் பத்திப் பேசணுமாம். நிஜத்தச் சொல்லு. அது தரையில பட்டுச்சா?"

"உனக்கே தெரியாதா?"

"விழும்போது கண்ண மூடிட்டேன். திறந்தா பந்து நெஞ்சுல இருக்கு. எழுந்து கோட்டுக்கு ஓடிட்டேன்."

அதை எல்லோரும் செய்வோம். தரையில் பட்ட பந்து செல்லாது. சந்தேகம் இருந்தால், எதிரணி முறையிடுவதற்குள் கோட்டில் வரிசையாக நின்று அடுத்த பந்தை ஆடத் தொடங்கிவிட வேண்டும். தொடங்கிவிட்டால் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது.

"எந்தப் படத்துலயும் தெரியல, உன் உடம்பு மறைச்சிடுச்சு. பட்டுச்சுன்னு நீ சொன்னா, நாளைக்கு மேடையில சொல்லிடுவேன்" என்றான்.

அடப்பாவி! ஒரு சொல் போதும், அவன் பெயர் நாறிவிடும். என் பிழைப்பைக் கெடுத்தவன், பட்டது என்றே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"படல."

"எப்படித் தெரியும்?"

இடது கையை நீட்டினேன். மோதிர விரல் கோணிக்கொண்டு நின்றது. "பந்துக்கும் தரைக்கும் நடுவுல இது மாட்டிக்கிச்சு. மேல நீ விழுந்த. ஒடிஞ்சுபோச்சு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா கோச் உக்கார வெச்சிருவான். உக்காந்தா இடம் காலி. தெரியாத மாதிரி கேக்குற!"

விரலை நாடாவால் சுற்றிக்கொண்டு ஆடினேன். அந்தக் கையால் ஒருவனையும் இழுத்து நிறுத்த முடியவில்லை. மறைத்தும் இடம் போனதுதான் மிச்சம்.

கார்னெல் துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ என் கையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு அந்த விரலை மெல்லத் தடவினான்.

"ரொம்ப வலிச்சுதாடா?"

இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்க நான் விட்டதுமில்லை.

"உயிரே போச்சுடா" என்றேன். அத்தனை வாடிக்கையாளர்கள் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது.