பி வாசல் கதவில் ஓர் அஞ்சலித் தாள்

எங்கள் கட்டடத்துக்கு நாலு வாசல். பி வாசலுக்கு நான்தான் பொறுப்பு. மாடிப்படி விளக்கு, லிஃப்ட் ரிப்பேர், குழாய் ஒழுகல், யார் வீட்டு நாய் யார் கால்மிதியில் என்ன செய்தது என்ற பஞ்சாயத்து, எல்லாம் என் தலையில்தான் விடியும். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். ஒருத்தர் நன்றி சொன்னதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

பொறுப்பு என்னுடையது என்பதால்தான் அந்த அக்டோபர் காலையில் வாசல் கதவில் ஒட்டியிருந்த அஞ்சலித் தாளை முதலில் பார்த்தவளும் நானானேன். எங்கள் ஊரில் யார் போனாலும் கறுப்புக் கட்டம் போட்ட தாளில் படமும் பேரும் அச்சடித்துக் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டிவிடுவோம். பல்கேரியாவில் ஒரு மனுஷன் செத்தானா இல்லையா என்பதை டாக்டர் சொன்னால் போதாது, கதவு சொல்ல வேண்டும். கதவு சொன்ன பேர், ஐந்தாம் மாடி அசென் கொட்செவ். 'ஆழ்ந்த துயரத்துடன், நன்றியுள்ள சக ஊழியர்கள்.'

முந்தின நாள்தான் அந்த மனுஷர் உப்பில் ஊறப்போட ஒரு மூட்டை முட்டைக்கோசை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனார். ஐயோ, அத்தனை கோசும் வீணாகப் போச்சே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி, என்ன செய்ய?

அசென் இருபத்தாறு வருடம் தலைநகரில் உளவுத்துறையில் இருந்தவர். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஊரார் போனில் பேசுவதைக் கேட்பது அவர் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் அம்மா விட்டுப்போன ஐந்தாம் மாடி வீட்டுக்கு வந்தார். சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? இல்லை. ஒரு பத்திரிகையைக் கூப்பிட்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை இழுத்து மூடியது அமைச்சரின் மச்சானுக்கு அந்த நிலம் வேண்டும் என்பதற்காக என்றும், எதிர்த்துக் கூச்சல் போட்ட நாற்பத்து மூன்று பேரின் போனை அமைச்சர் உத்தரவில் தானே ஒட்டுக்கேட்டதாகவும் சொல்லி, பதிவுகளையும் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் வாரம் ஊரே திருவிழாவாக இருந்தது. நம்ம ஊர் பேர் பேப்பரில்! இரண்டாம் வாரம் பத்திரிகைக்காரர்கள் சில பதிவுகளை எல்லோரும் கேட்கும்படி இன்டர்நெட்டில் போட்டார்கள். அங்கேதான் கெட்டது. மருந்துக்கடை ஸ்வெதாங்கா போனில், 'அந்த க்ரூம் வாத்தியார் கணக்கு சொல்லிக்குடுத்த லட்சணம், இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் சில்லறை எண்ணத் தெரியல' என்று சொல்லியிருந்தாள். க்ரூம் வாத்தியார் வேறொரு போனில், 'ஸ்வெதாங்கா சுட்ட பனிட்சா பலகாரத்தைத் தின்னுட்டு எங்க பூனை ரெண்டு நாள் எழுந்திரிக்கல' என்று சொல்லியிருந்தார். அமைச்சரை எல்லோரும் மறந்துபோனார்கள். கோபமெல்லாம் அசென் மேல் திரும்பியது.

"கேட்டோமா, வாயை மூடிக்கிட்டுப் போனோமான்னு இருக்க வேண்டாமா? அதுக்குத்தானே அந்தாளுக்குச் சம்பளம்!" என்றார் க்ரூம்.

அமைச்சர் டிவியில் வந்து, எல்லாம் கம்ப்யூட்டரில் செய்த பொய் என்றார். மறுநாளே அசென் மேல் போலிப் பதிவு தயாரித்ததாக வழக்கு. நிரூபணமானால் நாலு வருடம் சிறை. பதிவு நிஜம் என்றால் சட்டம் அவரைக் காப்பாற்றும், பொய் என்றால் உள்ளேதான் என்று அவர் வக்கீல் சொல்லிவிட்டார். நாற்பத்து மூன்று பேரில் ஒரே ஒருவர் வந்து 'இது என் குரல்தான்' என்றால் போதும். கோர்ட் பதினோரு பேரைக் கூப்பிட்டது. பதினோரு பேரும் 'அது என் குரல் இல்லை' என்றார்கள். க்ரூம் மட்டும், "என் குரல் இன்னும் கொஞ்சம் கம்பீரமா இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டாராம். வெட்கம் கெட்ட மனுஷர்!

நானும் அந்த நாற்பத்து மூன்றில் ஒருத்திதான். என்னைக் கோர்ட் கூப்பிடவில்லை, என் பதிவு இன்டர்நெட்டிலும் வரவில்லை. அசென் எல்லார் வீட்டு மணியையும் அடித்துச் சாட்சிக்குக் கெஞ்சினார். என் வீட்டு மணியை அடித்து, "லிஃப்ட் சத்தம் போடுது, வெலிச்காம்மா" என்றார். போகும்போது தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்களோடதை நான் பேப்பருக்குக் குடுக்கல" என்றார். அவர் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அஞ்சலித் தாளுக்கு வருவோம். பத்து மணிக்குள் ஐந்தாம் மாடி முழுக்க ஆள். ஆளுக்கு இரண்டு பூ, செத்தவருக்கு இரட்டைப்படையில்தான் கொடுக்க வேண்டும். உள்ளே யாரும் இல்லை என்ற நினைப்பில் எல்லோரும் கதவுக்கு வெளியே நின்று மூக்கைச் சிந்தினார்கள்.

"மனுஷன்னா அவன்தான்யா. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்" என்றார் க்ரூம்.

"என் குரல்தான் அது, வேற யாரோடது?" என்றாள் ஸ்வெதாங்கா. "என் குரல் எனக்குத் தெரியாதா?"

நாலாம் மாடி நெவெனா, செத்தவருக்குப் படைக்கும் வேகவைத்த கோதுமைத் தட்டோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள். அவளுக்கு முழங்கால் சரியில்லை. முப்பது வருடமாக என் உயிர்த்தோழி அவள். "நம்ம ஆஸ்பத்திரிக்காகக் கடைசி வரைக்கும் பேசினவர் இவர் ஒருத்தர்தான்டி" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அப்போது கதவு திறந்தது. ஏப்ரன் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் உப்போடு, அசென் நின்றார்.

க்ரூம்தான், ஏமாற்றப்பட்டவர் மாதிரி, "நீ சாகலையா?" என்றார்.

"மன்னிக்கணும் சார்" என்றார் அசென். ஒவ்வொருவர் கையிலும் இருந்த பூவை எண்ணிப் பார்த்தார். "இப்ப சொன்னீங்களே, எல்லாம் காதுல விழுந்துச்சு. வியாழக்கிழமை தீர்ப்புக்கு முன்னாடி கடைசி விசாரணை. அங்க வந்து இதையே சொல்வீங்களா?"

"நாங்க செத்தவரைப் பத்திப் பேசினோம்" என்றாள் ஸ்வெதாங்கா, பட்டென்று.

க்ரூம் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "ஏம்ப்பா, இதையும் ரெக்கார்ட் பண்ணினியா?"

"இல்ல சார். பண்ணியிருந்தா அதுவும் உங்க குரல் இல்லன்னுதானே சொல்லப்போறீங்க."

க்ரூம் பூவை எடுத்துக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டார். வீட்டில் ஜாடி காலியாக இருந்திருக்கும். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். நெவெனா மட்டும் தட்டை அவர் கையில் வைத்து, "சூடா இருக்கு, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நானும் அவரும் கீழே வந்து தாளைப் பிய்த்தோம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தில் அவர் பின்னால் மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை தெரிந்தது. என் வீட்டுத் திரைச்சீலை. போன புத்தாண்டுக்கு வாசல்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு நான் எடுத்த படம். இரண்டு நாளைக்கு முன்னால் ஓர் ஆள் வந்து, பத்திரிகையிலிருந்து வருகிறேன், அசென் படம் ஒன்று வேண்டும் என்றான். பளபளவென்று நல்ல பூட்ஸ் போட்டிருந்தான். அந்தப் பூட்ஸை எந்தப் பத்திரிகைக்காரன் வாங்குவான் என்று யோசித்தேனா? அசெனை மிரட்டத் தாள் அடிக்க வந்த உளவுத்துறை ஆளுக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தேன், மடச்சி.

"நான்தான் குடுத்தேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "நல்ல படம். உயிரோட இருக்கும்போது இவ்வளவு நல்லா என்னை யாரும் எடுத்ததில்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மனுஷர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கோசைக் கவனிக்கப் போய்விட்டார். வியாழக்கிழமை நான் போகிறேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

என் பதிவில் என்ன இருந்தது என்று இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். ஆஸ்பத்திரியை மூடக்கூடாது என்று நெவெனா அந்த முழங்காலோடு வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். முதல் கையெழுத்து என்னுடையது. என் மகன் அப்போது நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். மனு மேயர் ஆபீஸுக்குப் போன மறுநாள் நான் மேயரின் செயலாளர் அம்மாளுக்குப் போன் போட்டு என் பேரை அடித்துவிடச் சொன்னேன். என்னைப் போல எத்தனை பேர் அடித்தார்களோ, மனு எண்ணிக்கை போதாமல் விழுந்தது. ஆஸ்பத்திரி மூடியது. அடுத்த பிப்ரவரியில் நெவெனாவின் புருஷன் ஹ்ரிஸ்டோவுக்கு நெஞ்சுவலி. பக்கத்து ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் பாதி வழி போவதற்குள் முடிந்துவிட்டது. சாவு வீட்டில் நெவெனாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அன்றிலிருந்து தினமும் காலைக் காபி அவள் வீட்டில்தான்.

புதன்கிழமை காலையில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் காபியை ஊற்றி, பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

"நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறேன்டி. என் குரல்தான்னு சொல்லப்போறேன்" என்றேன்.

அவள் எழுந்து வந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "இந்த வாசல்ல ஒருத்திக்காவது முதுகெலும்பு இருக்கே! நானும் துணைக்கு வரேன்டி."

"முழங்கால் வலியோட எதுக்குடி? வேண்டாம்."

"போடி. நீ அங்க தனியா நிப்பியா? நான் வராம யாரு வருவா?"

அதற்கப்புறம் என் வாய் திறக்கவில்லை. இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு இறங்கி வந்தேன். தூ, என்னைச் சொல்ல வேண்டும்.

கோர்ட்டில் நெவெனா இரண்டாம் வரிசையில், தேவாலயத்துக்குப் போடும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதன் பேரில் அசென் கோர்ட்டில் கொடுத்த என் பதிவை ஓடவிட்டார்கள். என் குரல் அந்த மண்டபத்தில் கணீரென்று கேட்டது. க்ரூமின் குரலைவிடக் கம்பீரம் என்றே சொல்லலாம்.

'அந்த நெவெனாவுக்கு வேற வேலை இல்ல மேடம். வீட்டு வாசல்ல வந்து நின்னா, நானும் போட்டுத் தொலைச்சேன். ஆஸ்பத்திரி இல்லன்னா செத்தா போயிடுவோம்? என் பேரை அடிச்சிடுங்க. பையனோட பொழைப்பு இருக்கு.'

"இது உங்கள் குரலா?" என்று நீதிபதி கேட்டார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பன்னிரண்டாவது ஆளாக நானும் மாறியிருப்பேன். "என் குரல்தான்" என்றேன். பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. முழங்கால் வலிக்காரி எப்படித்தான் அவ்வளவு வேகமாக வெளியே போனாளோ, நான் திரும்பியபோது அவள் இல்லை.

போலிப் பதிவு வழக்கு விழுந்தது. அசென் வீட்டுக்கு வந்தார். அரசாங்கம் சும்மா விடுமா? பதிவு நிஜம் என்றால் அதைப் பதிந்து எடுத்துவந்த பென் டிரைவ் அலுவலகச் சொத்து, அதைத் திருடினார் என்று புது வழக்குப் போட்டது. அபராதம் கட்டி, பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தார் பாவம். அமைச்சரையும் தண்டிக்காமல் விடவில்லை. நல்ல கடற்கரை உள்ள ஒரு நாட்டுக்குத் தூதராக அனுப்பிவிட்டார்கள். என் மகனின் வேலை 'மறுசீரமைப்பில்' போனது. அவன் என்னோடு பேசுவதில்லை. வாசல் கூட்டம் போட்டு என்னிடமிருந்து சாவியைப் பிடுங்கி க்ரூமிடம் கொடுத்தார்கள். காரணம் கேட்டதற்கு, "பக்கத்து வீட்டுக்காரிக்கே துரோகம் பண்ணினவ கையில வாசலை எப்படி விடறது?" என்றாள் ஸ்வெதாங்கா. அமைச்சருக்குப் பயந்து குரலையே மாற்றிக்கொண்டவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்!

நெவெனா கதவைத் திறக்கவில்லை. தினமும் காலையில் போய் மணி அடித்தேன். உள்ளே காபி வாசனை வரும். அவள் வரமாட்டாள்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் ரொட்டி வாங்கிக்கொண்டு வருகிறேன், வாசல் கதவில் கறுப்புக் கட்டம் போட்ட தாள். அதில் என் படம், என் பேர். வயது அறுபத்து மூன்று என்று போட்டிருந்தான் படுபாவி. எனக்கு ஐம்பத்தெட்டு!

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு படத்தைப் பார்த்தேன். புர்காஸ் கடற்கரையில் எடுத்தது. காற்றில் முடி பறக்க நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் இடது தோளில் ஒரு கை. மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். விரலில் நீலக்கல் மோதிரம். அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அந்தப் படத்துக்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு, நெவெனா சமையலறை அலமாரியின் கண்ணாடியில் செருகியிருக்கும்.

நல்ல பூட்ஸ்காரன் அவள் வீட்டுக்கும் போயிருக்கிறான். அவளும் காபி போட்டுக் கொடுத்திருப்பாள்.

தாளைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு நாலு மாடி ஏறினேன். க்ரூம் பொறுப்புக்கு வந்ததிலிருந்து லிஃப்ட் ஓடுவதில்லை. மணி அடித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பைத் தேய்த்துக்கொண்டு அவள் வந்து நிற்பது கேட்டது. கதவின் சின்னக் கண்ணாடிக்கு நேராகத் தாளைப் பிடித்தேன்.

"நெவெனா, நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும். இந்தக் கை உன்னோடதுதானே?"

கதவுக்குப் பின்னால் மூச்சிரைத்தது. மூச்சிரைப்பை வைத்தே அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரியும், முப்பது வருடப் பழக்கம்.

"அது என் கை இல்ல" என்றாள்.