பாதி என்னுடையதில்லை

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செகந்திராபாத்தில் ஒரு கல்யாண விருந்து. பக்கத்து நாற்காலியில் கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையில் ஓர் அம்மாள். பேச்சை எதிலாவது தொடங்க வேண்டுமே என்று, "உங்க வாழ்க்கையிலயே பெரிய நிம்மதி எப்போ வந்தது?" என்று கேட்டுவைத்தேன். எழுதுகிறவர்களுக்கு இப்படிக் கேட்கிற கெட்ட பழக்கம் உண்டு. பிள்ளை பிறந்த நாள், மகளுக்கு வேலை கிடைத்த நாள் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு ஆஸ்திரியாக்காரரு, நான் கண்டுபிடிச்சதுல பாதி என்னுது இல்லன்னு எழுதி அனுப்புனாரு" என்றார் அந்த அம்மாள். "அன்னைக்கு வந்த நிம்மதி பிறகு வரவே இல்ல, பாத்துக்கிடுங்க."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பந்தலைப் பிரிக்க ஆள் வரும்வரை பேசினார். பெயர் ஜூடித்.

(கதைக்கு வெளியே அவர் எனக்கு 'அவர்'. உள்ளே வந்தால் 'அவள்'. இதற்கு அனுமதி கேட்டேன். "அந்த வயசுக்கு என்னை நானே அவன்னுதான் நினைச்சுக்கிடுவேன், எழுதுங்க" என்றார்.)

2

மூன்று முறை ஆரம்பித்தேன்.

'வியன்னாவில் பனி பெய்துகொண்டிருந்தது. உயரமான அலமாரிகளுக்கு நடுவே ஒரு மனிதர் ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு'

இதோடு நிறுத்திவிட்டேன். நான் வியன்னாவைப் பார்த்ததில்லை. அந்த மனிதர் ஏணியில் ஏறினாரா, நாற்காலியில் இருந்தபடியே எடுத்தாரா, தெரியாது.

'காப்புரிமை என்பது'

இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன். ஆனாலும் இரண்டு வரி சொல்லித்தான் ஆக வேண்டும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதைக் கொஞ்ச காலத்துக்கு வேறு யாரும் தன்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று அரசிடம் வாங்கிக்கொள்ளும் உரிமை அது. கொடுப்பதற்கு முன்னால், உலகத்தில் வேறெங்காவது யாராவது இதை முன்பே செய்திருக்கிறார்களா என்று ஓர் அதிகாரி தேடிப் பார்க்க வேண்டும். தேடுவதில்தான் வருஷங்கள் போகும்.

மூன்றாவது ஆரம்பம் லாலாகுடாவில். அதுதான் கீழே வருகிறது.

3

எண்பதுகளின் நடுப்பகுதி. ஜூடித் குஷாய்குடா பக்கம் இருந்த ஒரு பெரிய அரசு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் என்ஜினியர். வீடு லாலாகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய தெருவில். கணவன் எட்வர்டுக்குப் பேகம்பேட் விமான நிலையத்தில் வேலை. காலையில் இருவரும் ஒரே வாசலில் இறங்கி, எதிரெதிர்த் திசையில் பஸ் பிடிப்பார்கள்.

அவள் செய்த பெட்டி ரயிலின் அச்சுகளுக்கானது. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கனத்த எஃகுத் தண்டுதான் அச்சு. சக்கரம் இறுகப் பொருந்தியிருக்கும் இடத்தில், உள்ளே மயிரிழை போல ஒரு விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் ஓட்டத்தில் முறியும். காதுக்குக் கேட்காத ஒலியை அச்சுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவிகள் அப்போதே இருந்தன. தொல்லை என்னவென்றால், சக்கரம் பிடித்திருக்கும் இடமும் ஓர் எதிரொலியை அனுப்பும். அதுவும் விரிசல் மாதிரியே இருக்கும். நல்ல அச்சைக் கழித்துவிடுவார்கள். கெட்டது தப்பித்து ஓடும்.

அச்சின்மேல் வைத்து ஒலியை அனுப்பி வாங்கும் முனை அதுவரை ஒன்றுதான்; ஜூடித் இரண்டு முனைகளை வைத்தாள். இரண்டு கோணத்திலிருந்து ஒலியை அனுப்பி, இரண்டு எதிரொலிகளையும் ஒப்பிட்டால், பொய் எது மெய் எது என்று பெட்டியே பிரித்துச் சொல்லிவிடும். அவளுக்கு அதில்தான் பெருமை. இன்னொரு சின்ன விஷயமும் செய்திருந்தாள். லாலாகுடா ரயில்வே பணிமனையில் மே மாதம் சோதித்தபோது, முனையின் அடியில் இருந்த பிளாஸ்டிக் துண்டு வெயிலில் சூடேறி, ஒலி போகும் கோணமே மாறிவிட்டது. சூட்டை அளந்து தானாகவே திருத்திக்கொள்ளும் ஒரு மின்சுற்றைச் சேர்த்துவிட்டாள். அதை அவள் கண்டுபிடிப்பு என்று நினைக்கவே இல்லை. வெயிலுக்குக் குடை பிடிப்பதுபோல ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான்.

தொழிற்சாலை காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். பெட்டி பணிமனைக்குப் போய் வேலையையும் ஆரம்பித்தது.

அப்புறம் ஐரோப்பாவிலிருந்து ஒரு கம்பெனியின் புகார் வந்தது. இரண்டு முனை முறை எங்களுடையது, இந்தியாவிலும் விண்ணப்பித்திருக்கிறோம், உங்கள் என்ஜினியர் சில மாதங்கள் எங்கள் ஆலையில் பயிற்சியில் இருந்தவர் என்பதை நினைவூட்டுகிறோம்.

4

பிரிவின் தலைவர் சந்திரமோகன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளைக்காரன் காலத்தில் கன்டோன்மென்டுக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது.

"உக்காருங்க ஜூடித். உங்களை ட்ரெய்னிங்குக்கு அனுப்புனது நான். ஃபைல்ல கையெழுத்து என்னுது. நேராவே கேக்கறேன். அந்த ரெண்டு முனை ஐடியாவை அங்க பாத்துட்டு வந்தீங்களா?"

"இல்ல சார்."

"பாக்கலைன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

"கைக்கு? ஏன் யோசிக்கிறீங்க?" என்றார் சந்திரமோகன்.

அந்தத் தயக்கம் போதுமானதாக இருந்தது. பெட்டியைப் பணிமனையிலிருந்து திருப்பி எடுத்துவந்து பூட்டினார்கள். விஜிலன்ஸ் விசாரணை தொடங்கியது. அவளை டி.வி. பெட்டிகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். பேட்டன்ட் ஆபீஸ் என்ன சொல்கிறதோ அதைப் பார்த்துத்தான் விசாரணை முடியும் என்றார்கள். பேட்டன்ட் ஆபீஸில் அவளுடைய விண்ணப்பம் வரிசையில் எங்கோ பின்னால் இருந்தது.

[இந்த இடத்தில் சந்திரமோகனை வில்லனாக்கிப் பார்த்தேன். உள்ளுக்குள் ஒரு பொறாமை கொடுத்தேன். 'அவர் உதட்டோரத்தில் ஒரு' என்று ஒரு வாக்கியம்கூட ஆரம்பித்தேன். ஜூடித் அம்மாளுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். "நக்கோ, நக்கோ, அது வேண்டாம்" என்றார். "அவரு பயந்துபோய் இருந்தாரு, அம்புட்டுதான். பயந்தவங்க மூஞ்சி அப்படித்தான் இருக்கும்." உதட்டோரம் அப்படியே நின்றுவிட்டது.]

5

உண்மையில் எனக்குச் சந்தேகம் வந்தது ஜூடித் மேல்தான். ஏன் தயங்கினாள்?

எட்வர்டும் அதைத்தான் கேட்டான். சாயங்காலம், அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தபோது.

"இல்லன்னு எழுதிக் கொடுத்தா முடிஞ்சுபோச்சு. என்ன யோசனை உனக்கு?"

"எப்படிங்க எழுத? அங்க எத்தனை மேசை, எத்தனை கருவி! எல்லாத்தையும் பாத்துக்கிட்டேதான் நடந்தேன். எதோ ஒரு மேசையில ரெண்டு முனை கிடந்து, என் கண்ணுல பட்டு, மனசுக்குள்ள போய் உக்காந்துருந்தா? பிறகு இங்க வந்து நானே யோசிச்ச மாதிரி வெளிய வந்துருந்தா?"

"அப்படி நடந்துதா?"

"தெரியல. தெரியலன்னுதான சொல்லுதேன்!"

எட்வர்ட் அதற்குமேல் கேட்கவில்லை. அவனுக்கு அவளைத் தெரியும். திருடவில்லை என்று அவன் கோயிலில் வைத்துச் சத்தியம் செய்வான். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது அவனுடைய நம்பிக்கை அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்றுகூட அவளால் முடிவுசெய்ய முடியவில்லை.

ஒரு யோசனை நம்முடையதுதான் என்று எப்படித் தெரியும்? (எழுதுகிறவன் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கக் கூடாது. நகர்கிறேன்.)

6

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் லீவு போட்டு ரயிலேறி, பேட்டன்ட் ஆபீஸுக்கு நேரிலேயே போனாள். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அவளுடைய விண்ணப்பம் இருந்த மேசை அனந்தராமனுடையது. மெலிந்த மனிதர். காகிதக் கட்டுகளுக்கு நடுவில் தலை மட்டும் தெரிந்தது.

"அவசரம்னு எல்லாருமேதான் சொல்றாங்கம்மா" என்றார்.

"எனக்குச் சாதகமா முடிக்கணும்னு கேக்க வரல சார். முடிக்கணும்னு கேக்க வந்தேன். எப்படி இருந்தாலும் சரி."

அனந்தராமன் பேனாவை மூடினார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"இதை நான் தேடணும்னா செக், ஜப்பான், ரஷ்யான்னு எல்லா நாட்டு பேட்டன்டையும் பாக்கணும். நம்ம அலமாரியில பாதி கிடையாது. இருக்கறதைப் படிக்க பாஷை தெரிஞ்ச ஆள் கிடையாது. வருஷக்கணக்கா ஆகும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒரு வழி இருக்கு. வியன்னாவுல எல்லாத்தையும் அடுக்கி வெச்சிருக்காங்க. நம்மள மாதிரி நாடுகள் கேட்டா, அவங்க ஆபீசர் தேடிப் பாத்து ரிப்போர்ட் அனுப்புவாரு. முடிவு எடுக்கறது நான்தான். தேடற வேலை மட்டும் அவங்களுது."

"அனுப்புங்க சார்."

"யோசிச்சுக்கோங்க. நான் தேடினா ஏதாவது கண்ணுல படாமப் போகலாம். அவங்க தேடினா எதுவும் தப்பாது. உங்களுக்கு எதிரா வந்தா அதையும் நான் எழுதித்தான் ஆகணும்."

அவள் எழுந்து நின்றாள். "எதிரா வந்தாலும் தெரிஞ்சுபோயிரும்லா சார்? அனுப்புங்க."

(நாடுகளின் ஒத்துழைப்பு என்றால் நமக்குக் கொடிகளும் கைகுலுக்கலும் மாலை போட்ட படங்களும் நினைவுக்கு வரும். இந்தக் கதையைத் தோண்டியபோது எனக்குப் புரிந்தது வேறு: ஓர் ஊரில் ஒருவர் ஏற்கெனவே படித்துவைத்ததை, இன்னோர் ஊரில் இன்னொருவர் முதலிலிருந்து படிக்காமல் இருப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. காத்துக்கிடக்கிறவர்களுக்கு அது சாதாரணமில்லை.)

7

சில மாதங்களிலேயே வியன்னாவிலிருந்து ரிப்போர்ட் வந்துவிட்டது. அனந்தராமன் தன் முடிவையும் சேர்த்துத் தொழிற்சாலைக்கு அனுப்பியிருந்தார். சந்திரமோகன் ஜூடித்தைக் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்துப் படித்தார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

இரண்டு முனை முறை புதிதல்ல. ஐம்பதுகளிலேயே செக்கோஸ்லோவாக்கியாவில் ஒருவர் அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். படம் உட்பட அச்சாகியிருக்கிறது. காலமும் முடிந்துவிட்டது. ஆகவே இந்தப் பகுதிக்கு உரிமை கொடுப்பதற்கில்லை.

சந்திரமோகன் நிமிர்ந்து பார்த்தார். ஆறுதல் சொல்வதா, வேண்டாமா என்று அவர் முகத்தில் ஒரு குழப்பம்.

"ஐம்பதுகள்லயா சார்?" என்றாள் ஜூடித். "அப்போ அந்தக் கம்பெனியே இதுல இறங்கலியே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு, அதே பத்தியை இன்னொரு முறை மனதுக்குள் படித்தார்.

"அப்போ... அவங்களுதும் இல்லையா?"

"இல்ல சார். என்னுதும் இல்ல, அவங்களுதும் இல்ல. நான் பள்ளிக்கூடம் போற காலத்துலயே ஊருக்கெல்லாம் பொதுவாகிப்போச்சு. எங்க பாத்தா என்ன, பாக்காட்டி என்ன!"

சிரித்துவிட்டாள். நிறுத்த முடியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மார்பில் கட்டியிருந்த ஈரச் சாக்கை யாரோ அவிழ்த்து எடுத்ததுபோல மூச்சு உள்ளே போனது. அவள் பெருமைப்பட்ட பாதி போய்விட்டது. அது போகப் போக நிம்மதி வந்து நிரம்பியது.

"இன்னும் இருக்கு, கேளுங்க" என்றார் சந்திரமோகன். வெயிலின் சூட்டுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சுற்றுக்கு இணையாக எந்த நாட்டிலும் எதுவும் கிடைக்கவில்லை. அது புதிது. அதற்கு உரிமை கொடுக்கலாம்.

பேகம்பேட்டுக்கு ஃபோன் போட்டாள்.

"ஏங்க, என்னுது இல்லையாம்!"

"ஏட்டி, நீ அழுவுதியா சிரிக்கியா?"

"ரெண்டுந்தான். வெயிலு மட்டும் என்னுதாம்."

8

விசாரணையை மூடிவிட்டார்கள். கம்பெனியிடமிருந்து அப்புறம் சத்தமே இல்லை. பெட்டி லாலாகுடாவுக்குத் திரும்பிப் போனது. ஜூடித்தும் கூடவே போனாள். முதல் வாரத்திலேயே ஓர் அச்சில் விரிசல் என்று பெட்டி சொன்னது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். இருந்தது. அந்த அச்சை ஓரமாக உருட்டிவிட்டு, அடுத்ததைக் கொண்டுவந்தார்கள். ஒரு ரயில் கவிழாமல் போவதற்கு ஆரவாரம் எதுவும் தேவைப்படுவதில்லை.

அன்று மத்தியானம் சந்திரமோகன் வந்தார். பணிமனைக்கெல்லாம் அவர் வருகிற வழக்கமே இல்லை. தண்டவாளங்களைத் தாண்டி, தொப்பியில்லாத தலையோடு வெயிலில் நடந்து வந்து, அவளுக்கு எதிரே நின்றார்.

"ஜூடித், அன்னிக்கி நான்"

இதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. அவர் மன்னிப்புக் கேட்டு முடித்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் இனித்தது. அவள் அவரை முடிக்கவிடாமல், "இதைக் கொஞ்சம் பிடிங்க சார்" என்று ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள் என்று இன்னொன்று எழுதினேன். அதில் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். முனையை அவள் கொடுக்கவே இல்லை, அவர் பேசி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அப்புறமும் ஒன்றும் சொல்லவில்லை என்பது மூன்றாவது. எழுதிவிட்டு அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

கடைசியில் ஃபோன் செய்து ஜூடித் அம்மாளிடமே கேட்டேன். சிரித்தார். "அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது. எழுத்தாளரு நீங்கதான, நீங்களே எழுதிக்கிடுங்க" என்றார்.

நான் எழுதவில்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன். நீங்கள் யாரையாவது சந்தேகப்பட்டிருப்பீர்கள், அல்லது யாராவது உங்களைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். என்னைவிட உங்களுக்கு இது நன்றாக வரும். நிதானமாகவே முடியுங்கள். அவர் வெயிலில் நிற்கிறார். ஜூடித்துக்கு இப்போது எந்த அவசரமும் இல்லை.