றெஜினா அடித்த கோல்

"என்ரை மருமகள் அடிச்ச பந்து வலையைப் பொத்துக்கொண்டு போய்க் கோயில் மணியிலை பட்டது. அந்தச் சத்தம் வல்வெட்டித்துறை வரைக்கும் கேட்டு, அங்கை ஒரு கலியாண வீட்டிலை முகூர்த்தம் வந்திட்டுதெண்டு மேளகாரர் கெட்டிமேளம் கொட்டிப்போட்டினம். மாப்பிள்ளை இன்னும் வந்து சேரேல்லையாம்!"

போட்டி முடிந்து பத்து நிமிடத்துக்குள் கனிசியஸ் இப்படிச் சொன்னார். பருத்தித்துறையிலிருந்து வல்வெட்டித்துறை எவ்வளவு தூரம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த வழியால் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். பென்சன் எடுத்த பிறகு வாயை மட்டும் ஓட்டுகிறார். அதற்குப் பிரேக் கிடையாது.

மைதானத்தில் நின்ற அறுபது பேரும் சிரித்தார்கள். (அடுத்த கிழமை கனிசியஸின் கணக்கில் அது ஆறாயிரம் ஆகிவிட்டது.) சிரிக்காமல் நின்றவர் ஹரோல்ட் மாஸ்ரர் ஒருவர்தான். கழுத்தில் விசில் தொங்க, முகம் கறுத்துப்போய் நின்றார்.

"மணியை விடும், கனிசியஸ். பந்து கோலுக்குள்ளை போகவே இல்லை."

அந்த ஒரு கோலில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹரோல்ட் மாஸ்ரரின் மகள் ஷாமினி கலியாணம் செய்து ஸ்கொட்லாந்தின் வடக்கு மலைப்பக்கம் போனவள். போன இடத்தில் சும்மா இராமல் ஷின்ரி என்கிற அந்தப் பக்கத்துத் தடிப்பந்து விளையாட்டைப் பழகினாள். போன நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தபோது முனை வளைந்த தடிகள் பத்துப் பன்னிரண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். விமான நிலையத்தில் ஒருவர் "இது என்னத்துக்கு?" என்று கேட்க, அவள் ஒன்றை உருவி ஒருதரம் சுழற்றிக் காட்டினாளாம், வரிசையில் நின்ற நாற்பது பேரும் தாங்களாகவே விலகி வழி விட்டார்களாம். கனிசியஸ் இதை நேரில் பார்த்ததுபோலச் சொல்லுவார். அன்றைக்கு அவர் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தவர்.

ஷின்ரியை ஹொக்கி மாதிரி என்று சொன்னால் ஷாமினிக்குக் கோபம் வரும். ஹொக்கியில் தடியின் ஒரு பக்கத்தால்தான் அடிக்கலாம். தடியை ஓங்கினால் விசில். ஷின்ரியில் தடியைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றலாம், இரண்டு பக்கத்தாலும் அடிக்கலாம், பறக்கிற பந்தைப் பறக்கப் பறக்கவே வெளுக்கலாம்.

"அங்கையும் முந்தி ஆம்பிளையள்தான் விளையாடினவை. பொம்பிளையள் கரையிலை நிண்டு தேத்தண்ணி ஊத்திக் குடுத்தவை," என்று ஷாமினி சொன்னாள். "இப்ப எங்களுக்கும் கழகம் இருக்கு, லீக் இருக்கு, கிண்ணம் இருக்கு. தேத்தண்ணியை அவை ஊத்தினம்."

கடற்கரைப் பெண்களுக்கு அந்தக் கடைசி வசனம் மிகவும் பிடித்துக்கொண்டது. கனிசியஸின் மருமகள், நேர்சரியில் படிப்பிக்கிற றெஜினா முதலில் தடியைத் தூக்கினாள். பிறகு தயாளினி. பிறகு கிழிந்த மீன்வலைகளைப் பொத்திச் சரிசெய்கிற லூர்த்தம்மா, ஐம்பத்திரண்டு வயதில், "எனக்கு ஓட ஏலாது, ஆனால் ஒண்டையும் உள்ளை விடமாட்டன்" என்று சொல்லிக் கோலுக்கு முன்னால் போய் நின்றார். மூன்று கிழமை பழக்கிவிட்டு, "சித்திரையிலை என்ரை கழகத்தைக் கூட்டிக்கொண்டு வாறன், உங்களோடை விளையாட" என்று சொல்லிவிட்டு ஷாமினி விமானம் ஏறினாள்.

ஆனால் விளையாட இடம் வேண்டுமே! மணலில் தடி புதைந்தது. ஒருநாள் பந்து போய் ஒரு படகின் என்ஜினில் பட, படகுக்காரர் எழும்பிக் கத்தினார். புல் உள்ள இடம் ஊர் மைதானம் ஒன்றுதான். அதன் செயலாளர், அங்கே பொடியன்களுக்கு ஹொக்கி பழக்குகிற ஹரோல்ட் மாஸ்ரர்.

"மாஸ்ரர், சனிக்கிழமை பின்னேரத்திலை ரெண்டு மணித்தியாலம் தாங்கோ," என்று றெஜினா போய்க் கேட்டாள்.

"உது பொம்பிளையளுக்கு ஏத்த விளையாட்டில்லை, பிள்ளை."

"உங்கடை மகளெல்லோ விளையாடுறா?"

"அவளுக்கும் உதைத்தான் சொன்னனான். அவள் எந்தக் காலத்திலை நான் சொன்னதைக் கேட்டவள்?"

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். ஹொக்கிப் பொடியன்களோடு அரை மணித்தியாலம், பக்கத்துக்கு ஆறு பேர், ஷின்ரிச் சட்டம். வெல்லவேண்டாம், ஒரேயொரு கோல் போட்டால் போதும், சனிக்கிழமைகள் பெண்களுக்கு. போடாவிட்டால் தடிகளைக் கட்டி ஷாமினிக்கு அனுப்பவேண்டும். நடுவர் அவரேதான்.

கோல்களுக்கு வலை கட்டியது லூர்த்தம்மா. யாரோ கழித்துவிட்ட பழைய பச்சை வலையை எடுத்து, இரண்டு நாள் குந்தியிருந்து ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார்.

போட்டி தொடங்கியபோது பொடியன்களின் கப்டன் அருட்செல்வன், "அக்காமார் பயப்படாதேங்கோ, மெதுவாய் விளையாடுவம்" என்று சொன்னான். இரண்டாவது நிமிடத்தில் தயாளினியின் தடியும் அவனுடைய தடியும் மோதிய மோதலில், அவன் முழங்கை வரை விறைத்துப்போய்க் கையை உதறிக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அவன் மெதுவைப் பற்றிக் கதைக்கவில்லை.

பெண்கள் விளையாடியதைச் சொல்லவேண்டும். விழுந்தார்கள், எழும்பினார்கள், சேட்டில் புல்லைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஓடினார்கள். பொடியன்கள் மூன்று கோல் போட்டது உண்மை. ஆனால் லூர்த்தம்மா தடுத்தது பதினேழு. உள்ளங்கையால், முழங்காலால், ஒருதரம் வயிற்றால். "அம்மா, நோகேல்லையோ?" என்று கேட்டவனிடம், "நாலு பிள்ளை பெத்த வயிறடா" என்றார்.

ஆனால் கோல் மட்டும் வரவில்லை. றெஜினா தடியை ஓங்குகிற ஒவ்வொரு முறையும் ஹரோல்ட் மாஸ்ரரின் விசில் ஊதியது.

"மாஸ்ரர், உது ஹொக்கிச் சட்டம்! இதிலை தூக்கலாம்!"

"மன்னிச்சுக்கொள், பிள்ளை. நாப்பது வருசப் பழக்கம். வாய் தானாய் ஊதுது."

ஐந்தாவது தடவை ஊதியபோது கரையில் நின்ற கனிசியஸ், "அந்த விசிலை ஆராவது பிடுங்கிக் கடலுக்குள்ளை எறியுங்கோவன்!" என்று கத்தினார்.

கடைசி நிமிடம். லூர்த்தம்மா தடுத்த பந்தைத் தயாளினி உயரத் தூக்கி அடித்தாள். பந்து வானத்தில் போய்ச் சற்று நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது என்பார் கனிசியஸ். அது நிலத்தில் விழும் முன்பே றெஜினா ஓடிப் போய்த் தடியைத் தலைக்கு மேலே சுழற்றினாள். அந்தச் சுழற்றலின் காற்றில் புல் படுத்தது. பொடியன்கள் குனிந்தார்கள், அவர்களுடைய கோல் காக்கிறவன் குனிந்தான், விசிலை வாயில் வைத்திருந்த மாஸ்ரரும் தலையில் கை வைத்துக்கொண்டு குனிந்தார்.

நிமிர்ந்து பார்த்தால், பந்து இல்லை. அது மதில் கடந்து கோயில் வளவுக்குள் போயிருந்தது. கோலின் பின்வலையில் ஒரு பொத்தல்.

பெண்கள் துள்ளினார்கள். கனிசியஸ் மதிலால் ஏறி விழுந்து பந்தை எடுத்துக்கொண்டு வந்து, மணிக் கதையை அவிழ்த்துவிட்டார். அப்போதுதான் மாஸ்ரர் மறுத்துத் தலையாட்டினார்.

"பந்து கம்பத்துக்கு வெளியாலை போனது."

"அப்ப வலையிலை ஓட்டை?" றெஜினா கேட்டாள். தடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அது முந்தியே இருந்திருக்கும்."

அந்த ஒரு சொல்தான் அவர் விட்ட பிழை. மற்றக் கோலடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த லூர்த்தம்மா போத்தலைக் கீழே வைத்தார். ஓட ஏலாது என்று சொன்ன மனுசி மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடி வந்தார்.

"என்ரை கையாலை பொத்தின வலையிலை ஓட்டையோ? மாஸ்ரர், என்னை நீங்கள் கள்ளியெண்டு சொல்லுங்கோ, பொறுப்பன். இதைப் பொறுக்கமாட்டன். இஞ்சை வாங்கோ."

அவர் பொத்தலுக்குள் கையை விட்டார். "பழைய கிழிசல் எண்டால் இழை முனை உப்பேறி ஊசி மாதிரி விறைச்சிருக்கும். இதைத் தொட்டுப் பாருங்கோ. பஞ்சு மாதிரி இருக்கு, இப்ப அறுந்தது. எல்லா முனையும் எந்தப் பக்கம் பார்க்குது? பின்னுக்கு. முன்னாலை வந்த சாமான்தான் இதைக் கிழிச்சிருக்கு. கனிசியஸ் அண்ணை, அந்தப் பந்தைத் தாரும்."

தோல் பந்தின் தையலுக்குள் ஒரு பச்சை இழை சிக்கிக் கிடந்தது. அதன் நுனியில் ஒரு முடிச்சு.

"நான் இடக்கைக்காறி. இந்தக் கரையிலை இடப்பக்கம் திரும்பின முடிச்சு என்ரை மட்டும்தான்."

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். முடிச்சைப் பார்த்தார். வலையில் மிஞ்சியிருந்த முடிச்சுகளைப் பார்த்தார். இழை முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். கனிசியஸ்கூட வாயை மூடிக்கொண்டு நின்றார். ஊரில் அப்படியொன்று நடந்தது அதுதான் முதல் தடவை.

"அருட்செல்வன், நீ கண்டனியோ?"

"இல்லை சேர். நான் குனிஞ்சனான்."

மாஸ்ரர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். றெஜினாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் குனிஞ்சனான், பிள்ளை," என்றார். "சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்கோ. கோல் விழுந்தது."