வயிற்றுக்குள் போன காந்தம்

கம்பாலாவில் டாக்ஸி ஸ்டாண்டை ஒட்டிச் சப்பாத்தி போட்டு விற்பவள் நபோசா. கொஞ்ச நாளாக நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனது. உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர் கியோமுஹெண்டோ.

மாத்திரை அளவில் ஒரு கேமரா, அதற்குள் பொடிக் காந்தம். அதை விழுங்கிவிட்டுப் படுத்தாள். மேலே பெரிய காந்தத்தை டாக்டர் நகர்த்த நகர்த்த, உள்ளே கேமரா திரும்பியது. படங்களைப் பதிய அவளுக்கு ஒரு சட்டையும் மாட்டியிருந்தார்கள்.

"நேத்து தின்ன மீன் தெரியுதா பாருங்க டாக்டர். எனக்கு வாலைத்தான் குடுத்தா," என்றான் புருஷன் வலுசிம்பி.

நபோசாவுக்குச் சிரிப்பு வந்தது. திரையில் சிவப்பாக ஒரு குகை. கேமரா ஒரு மடிப்பைத் தாண்டியதும் கறுப்பாக ஒரு குழி. ஓரத்தில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. டாக்டர் திரைப் பக்கம் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

"அசையாதீங்கம்மா. ஜெனரேட்டர் போடச் சொல்றேன்," என்று டாக்டர் வெளியே ஓடினார்.

ஆட்டிவைக்க ஆளில்லாமல் கேமரா உள்ளே எங்கே போகும்? அந்தக் குழிக்குள் விழுந்துவிட்டால்? ஏதோ உருள்வது போலிருந்தது.

"ஏங்க, பேசுங்க. கிண்டலாவது பண்ணுங்க."

அவள் பற்றிய வலுசிம்பியின் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. எதற்கும் நையாண்டி பேசுகிறவன் முணுமுணுவென்று ஜெபம் சொல்லத் தொடங்கினான். இவனே பயந்துவிட்டான், இனி நான் பிழைக்கப் போவதில்லை என்று தோன்றியது அவளுக்கு.

வெளிச்சம் வந்தது. சட்டை பேட்டரியில் ஓடியதால் படங்கள் பத்திரமாக இருந்தன. டாக்டர் உற்றுப் பார்த்தார்.

"புண்ணும்மா. தோள் வலிக்கு நீங்களா வாங்கிப் போட்ட மாத்திரை அரிச்சிருக்கலாம். ரத்தம் ஏத்தணும். கொஞ்சம் சதை எடுத்தும் பார்க்கணும்."

"புத்துநோயா டாக்டர்?" என்று கேட்டாள் நபோசா.

"பார்த்தா அப்படித் தெரியலை. ஆனா சோதிக்காம சொல்ல மாட்டேன்."

சதை எடுத்து அனுப்பிய சோதனையின் முடிவு வரும்வரை அவளுக்கு வாழைக்காய் மசியல்கூட இறங்கவில்லை. ஒருவழியாக வந்தது: புற்று இல்லை. வலுசிம்பி வராந்தாவிலேயே வாய்விட்டுச் சிரித்தான். நபோசாவால் முடியவில்லை.

"அந்தக் கேமரா நிஜமா வெளிய போயிடுச்சா டாக்டர்?"

"எக்ஸ்ரேல பார்த்தோமேம்மா. உள்ள ஒண்ணும் இல்லை."

தலையாட்டினாள். வாடகை பைக்கில் வீடு போகும் வழியெல்லாம் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.